தாலுகா ஆபீஸில் கிடக்கும் அரபு

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோவையில் பி.காம். படிக்கிறார். பகுதி ஒன்று மொழிப்பாடமாக அரபு எடுத்து இரண்டு செமஸ்டர் முடித்துவிட்டார். எழுத்துக் கூட்டிப் படிக்க வருகிறது, மார்க்கும் வந்துவிட்டது. ஆனால் அரபுச் செய்தித்தாளில் ஒரு வரியைக் காட்டினால் முழிக்கிறாராம். 'கூடப் படிக்கிறவங்க மதரஸாவில் ஓதிட்டு வந்தவங்க, கடகடன்னு வாசிக்கிறாங்க. எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்லீங்க. ரெண்டாம் வருசமும் தொடரலாமா, விட்டுரலாமா? அரபுப் பண்பாடுன்னு ஒரு பேப்பர் வருது, அதுக்கு எதைப் படிக்கிறது?' இவ்வளவுதான் கேள்வி.

தொடருங்கள் தம்பி. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மதரஸா பயத்தைத் தீர்த்துவிடலாம். நான் கோவையில் உக்கடம் பக்கம் வளர்ந்தவன். ஏழு வயதிலேயே ஜபர், ஜேர், பேஷ் என்று உயிர்க்குறிகளைச் சொல்லிக் கூட்டி ஓதப் பழகினேன். பதினெட்டு வயதில் குர்ஆனின் முழு அத்தியாயங்களைத் தடங்கல் இல்லாமல் ஓதுவேன். நடுவில் ஒரு சொல்லைக் காட்டி இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேன். ஓதுவது ஒரு கலை, அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அது மொழி தெரிவது ஆகாது. உங்கள் நண்பர்களுக்கு நாக்கு பழகியிருக்கிறது, தொண்டையில் பிறக்கும் எழுத்துகள் சுலபமாக வருகின்றன. இலக்கணம் என்று வரும்போது அவர்களும் நீங்களும் ஒரே பெஞ்சுதான்.

அந்த நாக்குப் பழக்கத்தைப் பிடிக்க ஒரே வழி, அரபுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வதை இன்றோடு நிறுத்துவது. தமிழில் 'கல்பு' என்று எழுதினால் அது இதயமா நாயா என்று தெரியாது. அரபியில் ஒன்று காஃப், இன்னொன்று தொண்டையின் அடியிலிருந்து வரும் வேறொரு காஃப். இந்தப் பதிலில் நானும் தமிழ் எழுத்தில்தான் எழுதப்போகிறேன். வழிகாட்டத்தான் அது, உச்சரிப்புக்கு அதை நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் உண்மையான தடைக்கு வருவோம். முதல் வருடப் புத்தகத்தில் உயிர்க்குறிகள் எல்லாம் போட்டிருக்கும். செய்தித்தாளில், கடிதத்தில், கடைப் பலகையில் அவை இருக்காது. மெய்யெழுத்தும் நெடிலும் மட்டும்தான். இதைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் ஓலைச்சுவடியைச் சொல்வேன். நம் சுவடிகளில் புள்ளி கிடையாது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். ஆனாலும் படித்தவர்கள் படித்தார்கள். எப்படி? அந்த இடத்தில் எந்தச் சொல் வர முடியும் என்று தெரிந்ததால். அரபியிலும் அதேதான். ஆனால் அங்கே ஊகிப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பிடிப்பதுதான் இரண்டாம் வருடப் படிப்பு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்.

அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்து கொண்ட வேரிலிருந்து வருகின்றன. வேரை ஓர் அச்சில் ஊற்றினால் ஒரு சொல், வேறு அச்சில் ஊற்றினால் வேறு சொல். இந்த அச்சுக்கு 'வஸ்ன்' என்று பெயர், எடை என்று அர்த்தம். எல்லாப் புத்தகமும் 'கதப' என்ற எழுதும் வினையை உதாரணம் காட்டும்: கிதாப் புத்தகம், காதிப் எழுத்தர், மக்தூப் எழுதப்பட்டது, மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம். அதை நீங்கள் படித்திருப்பீர்கள், மறந்தும் இருப்பீர்கள். அதனால் உங்களைத் தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிப்போகிறேன்.

கொங்கு நாட்டின் கோவைப் பகுதி 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது, அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. இரண்டு காலத்திலும் வரிக்கணக்கிலும் கச்சேரி என்ற அரசு அலுவலகத்திலும் பாரசீகச் சொற்கள் புழங்கின, அவற்றில் பல அரபியிலிருந்து பாரசீகம் எடுத்துக்கொண்டவை. அவை இன்றும் நம் வாயில் கிடக்கின்றன. 'இந்த வருசம் மஞ்சள் மகசூல் எப்படிங்க' என்று ஈரோட்டில் கேட்கிறார்களே, அந்த மகசூல் 'மஹ்ஸூல்'. கிடைத்தது, விளைந்தது. மக்தூப் வார்த்த அதே அச்சு. அந்த வேரையே இன்னோர் அச்சில் வார்த்தால் 'தஹ்ஸீல்', வசூலிப்பது. அதோடு பாரசீக 'தார்' சேர்ந்தவர் தாசில்தார். கிரயப் பத்திரத்தின் கடைசியில் 'சொத்து தபசில்' என்று போடுகிறார்களே, அது 'தஃப்ஸீல்', பிரித்துச் சொல்வது. தஹ்ஸீல், தஃப்ஸீல் இரண்டும் ஒரே அச்சு என்பது காதுக்கே கேட்கிறதா? ஆஜர், வாரிசு, ஜாமீன் மூன்றும் செய்கிறவனைக் குறிக்கும் காதிப் அச்சு. தாலுகாவே ஓர் அச்சில் வந்ததுதான், 'தஅல்லுக்', தொங்கிக்கொண்டிருப்பது, சேர்ந்திருப்பது.

இன்னும் ஒரு வேர் சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் முழுதாகப் பிடித்துக்கொண்டால் போதும். ஐன், மீம், லாம் என்ற மூன்று எழுத்து. 'அமல்' என்றால் செயல். சட்டம் அமலுக்கு வந்தது என்கிறோம். செய்யப்பட்டது, வழக்கமாகிவிட்டது 'மஅமூல்', நம் மாமூல். (லெபனான், சிரியா பக்கம் பெருநாளுக்குச் செய்யும் பேரீச்சம்பழப் பலகாரத்துக்கும் மஅமூல் என்றே பெயர். அங்கே யாராவது மாமூல் கொடுத்தால் தைரியமாக வாங்கிக்கொள்ளலாம்.) இதுவரை உங்களுக்கே தெரிந்தது. இனி அச்சை மட்டும் மாற்றுங்கள்: ஆமில் தொழிலாளி, முஆமலா கொடுக்கல் வாங்கல், இஸ்திஅமால் பயன்படுத்துதல். அகராதி பார்க்காமலே மூன்று சொல் கையில் வந்துவிட்டது. உயிர்க்குறி இல்லாத வரியைப் படிப்பதும் இப்படித்தான். வேர் தெரிந்தால் அச்சை ஊகிக்கலாம், அச்சு தெரிந்தால் உயிரெழுத்து தானாக வரும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே இரண்டு சலுகை உண்டு. ஆங்கில வழிப் புத்தகம் இவற்றைச் சொல்லாது. ஒன்று, இரட்டிப்பு. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. மெய் இரட்டித்தால் தானே செய்வது போய்ப் பிறரைச் செய்ய வைப்பது ஆகிறது. அரபியில் 'தரஸ' படித்தான், 'தர்ரஸ' படிப்பித்தான். 'அலிம' அறிந்தான், 'அல்லம' அறிவித்தான், கற்பித்தான். எல்லா இடத்திலும் இப்படி நேராக வராது, ஆனால் நம் காதுக்கு இரட்டிப்பு வேறுபாடு பிறவியிலேயே இருக்கிறது, ஆங்கிலம் பேசுகிறவருக்கு அது கேட்கவே கேட்காது. இரண்டாவது, திணை. அரபியில் மனிதரல்லாத பன்மைக்கு ஒருமைப் பெண்பால் போட வேண்டும். 'புத்தகங்கள் புதியவள்' என்பதுபோல. வெளிநாட்டு மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விதி இது. நம் ஊரில் 'மாடெல்லாம் வந்துருச்சு' என்கிறோம், 'ஆளெல்லாம் வந்துட்டாங்க' என்கிறோம். மனிதருக்கு ஒன்று, மற்றதற்கு ஒருமை. உயர்திணை அஃறிணை தெரிந்தவனுக்கு இதை அரை மணியில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

சலுகை அத்தோடு சரி. கஷ்டத்தையும் சொல்ல வேண்டும் இல்லையா.

வேரில் வாவ் அல்லது யா வந்தால் அந்த எழுத்து கரைந்து மறைந்துவிடும். 'கால' சொன்னான் என்பதைப் பார்த்தால் நடு எழுத்து வாவ் என்று தெரியாது, 'யகூலு' சொல்கிறான் என்று வரும்போதுதான் தலைகாட்டும். விற்பதும் அப்படித்தான், 'பாஅ', 'யபீஉ'. மூன்றாம் செமஸ்டரில் மாணவர்கள் கழன்றுகொள்வது இந்த இடத்தில்தான். என் கணக்கில் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். தினம் ஒரு வினையை எடுத்து, அவன், அவ்விருவர், அவர்கள், அவள் என்று பதினான்கு வடிவமும் கையால் எழுதுங்கள். மதரஸாவில் 'ஸர்ஃப்' என்று சொல்லி ராகம் போட்டு ஒப்பிக்க வைப்பார்கள். பழைய முறை என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து இந்த ஒரு விஷயத்தில் அதைவிட நல்ல முறை வரவில்லை.

பன்மையும் அப்படியே, 'கள்' போட்டு முடிக்க முடியாது. உள்ளே உடையும். கிதாப், குதுப். கலம், அக்லாம். நம்மவர்கள் உடைந்த பன்மை என்று தெரியாமல் அதற்கு மேலும் ஒரு பன்மை போட்டுவிட்டார்கள். 'ஆலிம்' ஒருவர், 'உலமா' பலர், நாம் எழுதுவது உலமாக்கள். ஒவ்வொரு பெயரையும் அதன் பன்மையோடு சேர்த்தே படியுங்கள், தனியாகப் படித்தது நிற்காது.

எண்களில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஷார்ஜாவில் ஒரு சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். சேர்ந்த முதல் மாதம் கையால் எழுதிய ஒரு பட்டியலில் 70 பெட்டி என்று படித்துக் குறித்துவிட்டேன். வந்தது 65. அரபு நாடுகளின் கிழக்குப் பகுதியில் புழங்கும் எண்களில் ஆறு பார்ப்பதற்கு நம் ஏழு போல இருக்கும், ஐந்து வட்டமாகப் பூஜ்யம் போல இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண் இடமிருந்து வலம்தான். ஐந்து பெட்டி எங்கே போயிற்று என்று ஒரு நாள் முழுக்கக் கிடங்கைத் தலைகீழாகப் புரட்டினார்கள். தொலைந்தது என் மானம் மட்டும்தான்.

தெரிந்த சொல் காலை வாருவதும் உண்டு. தமிழில் சவால் விடுகிறோம், அரபியில் 'சுஆல்' வெறும் கேள்வி. வக்கீல் அங்கே முகவர், வழக்காடுகிறவர் 'முஹாமி'. நகல் என்றால் பிரதி என்று நினைப்போம், அங்கே 'நக்ல்' பெரும்பாலும் போக்குவரத்து. மாஜி மந்திரியின் மாஜி உங்கள் இலக்கணப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் இறந்தகாலமாக உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஓனருக்கு வளைகுடாவிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'தக்ரார்' என்ற சொல் காதில் விழுந்ததும் மனுசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. 'என்னங்க தகராறு? சரக்குல ஏதாச்சும் கொறையுங்களா?' என்றார். தக்ரார் என்றால் அரபியில் திரும்பச் செய்தல். வந்தது ரிப்பீட் ஆர்டர்.

மாஜி, ஜாமீன், ஜப்தி எல்லாவற்றிலும் இருக்கும் அந்த 'ஜ' அரபியில் ளாத் என்ற எழுத்து. அதே எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ஃபர்ளு, ரமளான் என்று 'ள' போட்டு எழுதுகிறார்கள். கச்சேரி வழியாகப் பாரசீகத்தில் நனைந்து வந்தது ஜ ஆயிற்று, கடற்கரை வழியாக அரபியிலிருந்து நேராக வந்தது ள ஆயிற்று. ஒரே எழுத்து இரண்டு பாதையில் தமிழுக்கு வந்திருக்கிறது. கடற்கரை ஊர்களில் இன்னும் ஒரு படி மேலே போய், அரபு எழுத்தில் கூடுதல் குறிகள் போட்டுத் தமிழையே எழுதினார்கள். அதுதான் அரபுத்தமிழ். பண்பாட்டுப் பேப்பருக்கு இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் ஆசிரியர் நிச்சயம் கவனிப்பார்.

அடுத்து, எந்த அரபு என்ற கேள்வி. கல்லூரியில் படிப்பது ஃபுஸ்ஹா, செய்தியும் புத்தகமும் மேடைப்பேச்சும் அதில்தான். வீட்டிலும் தெருவிலும் பேசுவது நாட்டுக்கு நாடு வேறு. 'என்ன' என்பதற்கு ஃபுஸ்ஹாவில் 'மாதா', எகிப்தில் 'ஏஹ்', சிரியா லெபனானில் 'ஷூ'. வளைகுடாவில் நலமா என்று கேட்க 'ஷ்லோனக்' என்பார்கள், எழுத்துக்கு எழுத்து அர்த்தம் 'உன் நிறம் என்ன'. பலர் இதைக் கேட்டு, புத்தக அரபு வீண், பேச்சு அரபுதான் வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த இரட்டை வழக்கைப் பற்றி சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959இல் எழுதிய கட்டுரை பிரபலம், அவர் எடுத்த நான்கு உதாரணங்களில் அரபு ஒன்று. நமக்கு அதைக் கட்டுரை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 'என் வீட்டிற்கு வாருங்கள்' என்று பரீட்சையில் எழுதிவிட்டு 'என்ற ஊட்டுக்கு வாங்க' என்று கூப்பிடுகிறவர்கள்தானே நாம். ஒருவன் தமிழ் கற்க வந்தால் எதை முதலில் சொல்லிக்கொடுப்போமோ, அந்த வரிசைதான் இங்கேயும். இரண்டாம் வருடம் முழுக்க ஃபுஸ்ஹாவில் நில்லுங்கள். வேலை எங்கே என்று தெரிந்த பிறகு அந்த ஊர்ப் பேச்சைப் பிடிக்கலாம், அடித்தளம் இருந்தால் மாதக்கணக்குதான்.

இதில் ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஷார்ஜாவில் முதல் வாரம் ரொட்டிக்கடைக்குப் போய், இலக்கணம் பிசகாமல் 'நான் ரொட்டி வாங்க விரும்புகிறேன்' என்றேன். தந்தூர் அடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஆப்கானியர் இந்தியில் 'எத்தனை?' என்றார். அங்கே கடைத்தெருவில் இந்தியும் மலையாளமும் வைத்து ஆயுசு முழுக்க ஓட்டலாம். அரபு தேவைப்படுவது சுங்கத்தில், நீதிமன்றத்தில், அரசு மனுவில். அதாவது எழுத்து அரபு, ஃபுஸ்ஹா. பேச்சு அரபு மட்டும் போதும் என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பண்பாட்டுக்கு வருவோம். பாடப்புத்தகத்தில் ஒட்டகம், பேரீச்சை, விருந்தோம்பல் என்று ஒரு பக்கம் இருக்கும். அதை ஒருமுறை வாசித்து ஒதுக்கி வைக்கலாம். அரபு என்றாலே இஸ்லாம் என்று நினைப்பதும் பாதி சரிதான். அரபு கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், இஸ்லாத்துக்கு முந்தைய முஅல்லகாத் என்னும் நெடும்பாடல்கள் இருக்கின்றன. பாழான பாசறையின் முன் நின்று பிரிந்துபோன காதலியை நினைத்துத் தொடங்குவது அவற்றின் மரபு. பாலைத்திணை படித்த மாணவனுக்கு அந்தக் குரல் அந்நியமாக இருக்காது. கெய்ரோவின் சந்துகளை எழுதிய நகீப் மஹ்ஃபூஸுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உங்கள் நிலைக்கு நான் கையில் கொடுப்பது 'கலீலா வ திம்னா'தான். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபஃ பாரசீக வழியாக அரபியாக்கிய நம் பஞ்சதந்திரம். கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகள்தான் அங்கே கலீலா, திம்னா. மாணவர்களுக்காகச் சுருக்கி உயிர்க்குறி போட்ட பதிப்புகள் கிடைக்கின்றன. கதை தெரிந்திருப்பதால் தெரியாத சொல்லை நரியே சொல்லிக்கொடுத்துவிடும்.

பழக்கவழக்கங்களில் எனக்குப் பிடித்தது காப்பி. ஏலக்காய் போட்ட 'கஹ்வா', கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் கிளம்பு என்று அர்த்தம். நம் ஊரில் ஒறம்பரை, அதாவது விருந்தாளி வந்தால் இலையில் கை வைத்து மறைக்கும்வரை சோறு விழும் அல்லவா, அங்கே கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்கும்வரை கஹ்வா விழும். இது தெரியாமல் ஒரு பெரியவர் வீட்டில் ஆறு கிண்ணம் குடித்துவிட்டு இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். இந்தக் கஹ்வாவை 2015இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. பெயர் முறையும் நமக்குப் பக்கம். தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று வரிசை. நம் இனிஷியலை நீட்டி எழுதியது போலத்தான். மூத்த பிள்ளை பெயரைச் சொல்லி 'அபூ காலித்', காலிதின் அப்பா என்று கூப்பிடுவது அங்கே மரியாதை.

புத்தகம் என்று கேட்டால், மதீனா பல்கலைக்கழகத்துக்காக எழுதப்பட்ட மூன்று பாக அரபுப் பாடநூல் உலகம் முழுக்கப் புழங்குகிறது. எழுதியவர் வி. அப்துர் ரஹீம், நம் வாணியம்பாடிக்காரர். படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவார், இரண்டாம் பாகம் உங்களுக்குச் சரியாக இருக்கும். அதன் குறை, சொற்கள் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் சுற்றியே வரும், கடையும் கப்பலும் வராது. அதற்குச் செய்தி வேண்டும். அல் ஜஸீரா அரபு கற்பவர்களுக்கென்றே தனிப் பகுதி நடத்துகிறது. ஃபுஸ்ஹாவில் டப் செய்த கார்ட்டூன்களையும் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். அகராதிக்கு ஹான்ஸ் வேர். 1952இல் ஜெர்மனில் வந்தது, 1961இல் ஆங்கிலத்தில். சொற்கள் வேர் வரிசையில் இருக்கும். மக்தபாவை 'ம'வில் தேடாமல் 'க'வில் தேடும் நாள் வந்தால் இடைநிலைக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கேரளத்தில் அரசுப் பள்ளியிலேயே அரபு சொல்லிக்கொடுப்பதால் பழைய பாடநூல்கள் அங்கே நிறையப் புழங்குகின்றன. உக்கடத்தில் பஸ் ஏறினால் பாலக்காடு, ஒருமுறை போய்த் தேடிப் பாருங்கள்.

நேரக் கணக்கில் ஏமாறாதீர்கள். வாரம் ஐந்து மணி வைத்தாலும் இரண்டு செமஸ்டருக்கு 150 மணிதான் ஆகியிருக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு அரபு சொல்லிக்கொடுக்க 2200 வகுப்பு மணி ஒதுக்குகிறது, ஸ்பானிஷுக்கு ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் நான்காம் செமஸ்டர் முடிவில் செய்தியை அகராதியோடு படித்து, ஒரு பக்கக் கடிதம் எழுத வந்தால் நன்றாகப் படித்திருக்கிறீர்கள். மேலே போக விரும்பினால் திருச்சி ஜமால் முகமது கல்லூரி இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருது துறை இருக்கிறது, ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதையெல்லாம் மூன்றாம் வருடம் யோசிக்கலாம்.

ஜூனில் வகுப்பு தொடங்குவதற்குள் ஒரு வேலை. உங்கள் ஊரில் வளைகுடாவுக்குப் போகும் டீ சர்ட் கழுத்து லேபிள் ஒன்று கிடைக்காமல் போகாது. அதில் 'ஸுனிஅ ஃபில் ஹிந்த்' என்று இருக்கும், இந்தியாவில் செய்யப்பட்டது. மூன்று எழுத்துதான் அச்சாகியிருக்கும், அந்த உ-இ-அ உயிர்களை நீங்கள்தான் போட வேண்டும். செயப்பாட்டு வினையின் அச்சு அது. கீழே 'குத்ன்', பருத்தி. ஆங்கிலத்துக்குக் காட்டன் என்ற சொல்லைக் கொடுத்தது இதுதான். இன்னும் கீழே சலவைக் குறிப்பில் 'லா தஸ்தஅமில் அல்-முபய்யிள்' என்று ஒரு வரி இருந்தால் அதை என்னிடம் கேட்காதீர்கள். 'லா' வேண்டாம் என்பது. நடுச்சொல்லில் மாமூலின் வேர் ஒளிந்திருக்கிறது, கடைசிச் சொல்லில் வெள்ளைக்கான வேர் பா, யா, ளாத், நடுவெழுத்து இரட்டித்து. அர்த்தத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள்.